டூம் சுவரில் வேலூர் கோட்டை: படம் கெட்டுப்போனால் எந்த பைட்டைப் பார்ப்பது

வேலூர்க் கோட்டையை டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டின் லெவலாகச் செய்ய வேண்டும் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இறங்கியிருக்கிறார்கள். காட்பாடியில் ஒருவர் மதில் சுவரைப் படம் பிடிக்கிறார், குடியாத்தத்தில் ஒருவர் வரைபடம் போடுகிறார், ஆற்காட்டுத் தங்கச்சி ஒருத்தி கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது, படத்தை விளையாட்டுக்குள் ஏற்றும் வரை. ஏற்றியதும் "அண்ணா, சொவுரு அடியில இன்னாமோ கலர் கலரா பொடி கொட்டுது" என்று ஸ்கிரீன்ஷாட் வருகிறது. உடனே எல்லோரும் செய்வது, ஜிம்ப்பைத் திறந்து போட்டோவை மறுபடி சுருக்கி, மறுபடி நிறம் மாற்றி, மறுபடி ஏற்றுவது. போட்டோவில் கோளாறே இல்லை. டூமின் பட வடிவம் நாம் பழகிய பிஎன்ஜி, ஜேபெக் மாதிரி அல்ல, அதன் உள் அடுக்கு வேறு. எந்த அறிகுறி எந்த பைட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் போட்டோவைத் தொடாமலே பெரும்பாலானதைச் சரிசெய்யலாம். அதற்குத்தான் இது.

என்னென்ன வேண்டும்: வேட் கோப்பை (டூமின் படங்களும் வரைபடங்களும் அடங்கிய கோப்பு) திறக்க ஸ்லேட், சோதிக்க சாக்லேட் டூம், ஒப்பிட்டுப் பார்க்க ஜிஸெட்டூம் (இவை இரண்டும் டூமை ஓட்டும் எஞ்சின்கள்). விளையாட்டின் மூலக் கோப்பு கையில் இல்லாதவர்கள் ஃப்ரீடூம் எடுத்துக்கொள்ளலாம், அது இலவசம். சாக்லேட் டூமில் சோதிப்பது முக்கியம். அது 1993இல் வந்த எஞ்சின் நடந்துகொண்ட மாதிரியே நடந்துகொள்ளும். ஜிஸெட்டூம் பல தவறுகளைத் தானாகவே சமாளித்துக்கொள்வதால், நீங்கள் அதில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிய லெவல் இன்னொருவர் கணினியில் அலங்கோலமாகத் தெரியும், ஏன் என்றே புரியாது.

முதலில் கோப்பின் உள்ளே ஒரு நடை

128க்கு 128 அளவுள்ள ஒரு கருங்கல் சுவர்ப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்லேட்டில் அதை டூம் வடிவத்துக்கு மாற்றி, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் பார்வையில் திறந்து பாருங்கள். எண்களை இங்கே பத்தடிமானத்திலேயே சொல்கிறேன்.

முதல் எட்டு பைட்டுகள் தலைப்பு. இரண்டு பைட் அகலம், இரண்டு பைட் உயரம், இரண்டு பைட் இடது ஆஃப்செட், இரண்டு பைட் மேல் ஆஃப்செட் (படத்தை எவ்வளவு தள்ளி வைப்பது என்ற எண்கள், பிறகு வரும்). சின்ன பைட் முன்னால் வரும். ஆகவே நம் சுவருக்கு 128 0 128 0 0 0 0 0 என்று இருக்கும். நீங்களே பைத்தானில் கருவி எழுதி, பைட் வரிசையை மாற்றிப்போட்டால் 128 என்பது 32768 ஆகிவிடும், அதுவும் குறியுள்ள எண் என்பதால் மைனஸில் போய் நிற்கும். ஸ்லேட் அந்த லம்ப்பை (வேட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் இந்தப் பெயர்தான்) படம் என்றே ஏற்காது.

அடுத்து வருவதுதான் இந்த வடிவத்தின் உயிர். படம் கிடைவரிசையாகச் சேமிக்கப்படுவதில்லை, நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கப்படுகிறது. ஏனென்றால் டூம் எஞ்சின் சுவரை மேலிருந்து கீழாக, ஒரு பிக்சல் அகலக் கோடுகளாகத்தான் வரைகிறது. 386, 486 கணினிகளில் ஓட வேண்டிய விளையாட்டு, படிக்கிற வரிசையிலேயே தரவு இருந்தால் வேகம் கிடைக்கும். எனவே தலைப்புக்குப் பிறகு ஒவ்வொரு நெடுவரிசையும் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை, ஒன்றுக்கு நான்கு பைட். 128 நெடுவரிசைக்கு 512 பைட். 8 கூட்டல் 512, ஆக முதல் நெடுவரிசை 520ஆம் பைட்டில். கோப்பில் அது 8 2 0 0 என்று தெரியும் (2 பெருக்கல் 256, கூட்டல் 8).

520க்குப் போனால் அங்கே போஸ்ட் என்ற துண்டு தொடங்கும். முதல் பைட், இந்தத் துண்டு மேலிருந்து எத்தனையாவது பிக்சலில் ஆரம்பிக்கிறது என்பது. இரண்டாவது, எத்தனை பிக்சல் நீளம். மூன்றாவது ஒரு வெற்று பைட். பிறகு பிக்சல்கள். பிறகு இன்னொரு வெற்று பைட். இன்னும் துண்டு இருந்தால் அது இப்படியே தொடரும், இல்லையென்றால் 255 வந்து நெடுவரிசையை முடிக்கும். நம் சுவரில் ஓட்டை எதுவும் இல்லாததால் நெடுவரிசைக்கு ஒரே துண்டு: 0, 128, வெற்று, 128 பிக்சல், வெற்று, 255. கூட்டினால் 133 பைட். அடுத்த நெடுவரிசை 653இல் தொடங்கும், அட்டவணையில் 141 2 0 0. மொத்தக் கோப்பு 17,544 பைட். உங்கள் கோப்பின் அளவு இதற்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதே பாதிச் சோதனை. சில கருவிகள் ஒரே மாதிரியான நெடுவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும், அப்போது கொஞ்சம் குறையலாம். அதிகமாக இருந்தால் எங்கோ ஓட்டை விழுந்து துண்டுகள் பெருகியிருக்கின்றன என்று அர்த்தம்.

ஒளி ஊடுருவும் பிக்சல் என்று இந்தக் கோப்பில் எதுவுமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஓட்டை என்பது இரண்டு துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மட்டும்தான். கீழே வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

வடிவம் சரி, நிறம் மட்டும் மொத்தமாகக் கோணல்

கருங்கல் பச்சையாக, வானம் பழுப்பாக வருகிறது என்றால் கோப்பு கெடவில்லை. பிக்சல் என்று உள்ளே இருப்பது 0 முதல் 255 வரை ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்பது படத்துக்குள் இல்லை, பிளேபால் என்ற தனி லம்ப்பில் இருக்கிறது. நீங்கள் படத்தை அதன் சொந்த 256 நிறங்களுக்குக் குறைத்துவிட்டு எண்களை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். அல்லது ஹெரெட்டிக் என்ற வேறொரு விளையாட்டின் வேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் நிறப்பட்டியலுக்கு மாற்றியிருப்பீர்கள். ஸ்லேட்டில் அடிப்படை வேட்டாக நீங்கள் விளையாடப்போகிற விளையாட்டையே வைத்து, முழு நிற மூலப் படத்திலிருந்து மறுபடி மாற்றுங்கள். கெட்டுப்போன படத்திலிருந்து மாற்றினால் திரும்ப வராது.

நிறம் சரி, ஆனால் இருட்டில் புள்ளி புள்ளியாகக் கரகரவென்று இருக்கிறது

இது நம்ம ஊர் போட்டோக்களுக்கு நிறையவே வருகிறது. உச்சி வெயிலில் எடுத்த மதில் சுவர் சாம்பலும் இல்லை பழுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். டூமின் நிறப்பட்டியலில் சாம்பல் ஒரு வரிசை, பழுப்புகள் வேறு வரிசைகள். நடுநிறம் இல்லாததால் டிதரிங் போட்டு மாற்றும்போது ஒரு பிக்சல் சாம்பல், பக்கத்துப் பிக்சல் பழுப்பு என்று மாற்றி மாற்றி நிரப்பிவிடும். வெளிச்சத்தில் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சின் இருட்டாக்குவது எப்படி? கலர்மேப் என்ற லம்ப்பில் 256 பைட் கொண்ட 34 அட்டவணைகள் இருக்கின்றன. முதல் 32 வெளிச்ச அளவுகள், அடுத்தது அழியாவரம் எடுத்தால் வரும் வெள்ளை கறுப்புத் தலைகீழ் காட்சிக்கு, கடைசியானது முழுக் கறுப்பு. தூரம் கூடக்கூட ஒவ்வொரு எண்ணும் அட்டவணைப்படி இன்னோர் எண்ணாக மாறும். சாம்பல் வரிசை ஒரு படியில் இறங்க, பழுப்பு வரிசை வேறு படியில் இறங்க, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

செய்ய வேண்டியது: டிதரிங்கை நிறுத்துங்கள். மாற்றுவதற்கு முன்பே ஜிம்ப்பில் படத்தின் நிறச்செறிவைக் குறைத்து முழுச் சாம்பல் பக்கம் தள்ளுங்கள், அல்லது துணிந்து பழுப்புப் பக்கம் தள்ளுங்கள். ஒரு கல் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் காலை ஏழு மணிக்கோ மேகமூட்டத்திலோ போய்ப் படம் எடுங்கள். மதிய வெயிலில் கல்லின் நிழல் விளிம்பு கறுப்பாக வெட்டி விழும், அது 128 பிக்சலுக்குச் சுருங்கும்போது அழுக்கு மாதிரித்தான் தெரியும். கல்லின் கரடு தெரிகிற, நிழல் மென்மையான படம் ஒன்று கிடைத்தால் அதை வைத்தே மதில் முழுக்க ஓட்டலாம்.

சுவரின் கீழ்ப்பாதியில் கலர்ப்பொடி

மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட் இதுதான். டூம் வட்டாரத்தில் டுட்டி ஃப்ரூட்டி என்பார்கள். பழைய எஞ்சின் சுவரை வரையும்போது எல்லாப் படமும் 128 பிக்சல் உயரம் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் படம் 72 உயரம், வரைபடத்தில் சுவர் 100 உயரம் என்றால் 72க்குப் பிறகும் படித்துக்கொண்டே போகும். அங்கே என்ன இருக்கிறது? அடுக்கை நினைத்துப் பாருங்கள்: முடிவு வெற்று பைட், 255, பிறகு அடுத்த நெடுவரிசையின் 0, 72, வெற்று பைட், அப்புறம் அதன் பிக்சல்கள். ஆக 72ஆம் பிக்சலுக்குக் கீழே சம்பந்தமில்லாத ஐந்து பிக்சல் பட்டை, அதற்குக் கீழே படம் ஒரு நெடுவரிசை நகர்ந்து மறுபடி ஆரம்பம். உங்கள் திரையில் மெல்லிய பட்டையும் அதன் கீழே படத்தின் தலையும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், உயரம்தான் காரணம். சுவரில் ஒட்டுவதற்குப் பெயர் டெக்ஸ்ச்சர், அதைச் செய்யப் பயன்படும் படத்துக்குப் பெயர் பேட்ச். பல பேட்ச்களை ஒட்டிச் செய்த டெக்ஸ்ச்சராக இருந்தால் அந்தப் பட்டை இருக்காது, நேரே அடுத்த நெடுவரிசை தொடரும், கடைசி நெடுவரிசையில் மட்டும் நினைவகத்தில் கிடக்கும் கண்டதும் வரும்.

தீர்வு எளிது. படத்தை 128 உயரத்துக்கு நிரப்புங்கள், அல்லது வரைபடத்தில் அந்தச் சுவர் படத்தின் உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை மதில் மாதிரி உயரமான சுவருக்கு முதல் வழிதான் சரி.

இதற்கு ஒரு தம்பி உண்டு. உயரம் 128தான், ஆனாலும் சுவரின் நடுவில் பொடி. பீரங்கித் துளைக்காக மதிலில் ஓட்டை வெட்டிய படத்தை, பின்னால் எதுவும் இல்லாத ஒருபக்கச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். ஒரே பேட்ச்சால் ஆன நெடுவரிசையை எஞ்சின் கோப்பிலிருந்து நேராக, துண்டின் முதல் மூன்று பைட்டைத் தாண்டி, பிக்சல் பிக்சலாகப் படிக்கும். நடுவில் இன்னொரு துண்டின் தலைப்பு வந்தால் அதையும் நிறம் என்றே வரைந்துவிடும், கீழே உள்ளதெல்லாம் மேலே ஏறிவிடும். ஒருபக்கச் சுவருக்கு ஓட்டையில்லாத படம் மட்டும். துளைக்குள் கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு நிறத்தையே பூசுங்கள், அழிக்காதீர்கள்.

கம்பி கேட்டைப் பார்த்ததும் விளையாட்டு உறைகிறது

முன்னதற்கு நேர் எதிர். இதற்கு மெதூசா என்று பெயர். இருபக்கமும் நடமாடக்கூடிய இடத்தில், நடுவில் தொங்கும் படமாக, கம்பி கேட்டையோ கல் சாளரத்தையோ வைக்கும்போது எஞ்சின் ஓட்டைகளை மதித்து வரைய வேண்டும், ஆகவே துண்டுத் தலைப்புகளைத் தேடும். ஆனால் உங்கள் கேட் இரண்டு மூன்று பேட்ச்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய டெக்ஸ்ச்சர். ஒட்டும்போது எஞ்சின் துண்டுத் தலைப்புகளைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் பிக்சல்களை மட்டுமே நினைவகத்தில் அடுக்கும். இல்லாத தலைப்பைத் தேடி பிக்சலையே நீளம் என்று படித்து, 255 வரும் வரை கண்டபடி வரைந்துகொண்டே போகும். திரை நகராது.

உங்கள் கணினி பழசு என்று நினைக்காதீர்கள், புதுக் கணினியிலும் இதேதான். கேட்டின் இரண்டு பகுதிகளையும் ஜிம்ப்பில் ஒரே படமாகச் சேர்த்து, ஒரே பேட்ச்சாக ஏற்றி, அந்த ஒன்றை மட்டும் வைத்து டெக்ஸ்ச்சர் செய்யுங்கள். உடனே சரியாகிவிடும்.

படத்தின் வலது பக்கம் சுவரில் வரவே இல்லை

அகலம் 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் எண்ணாக இல்லை. 100 அகலமுள்ள யாளித் தூண் படத்தைப் போட்டால் பழைய எஞ்சின் அதற்குள் அடங்கும் பெரிய இரட்டிப்பு எண்ணான 64ஐ எடுத்துக்கொண்டு, முதல் 64 நெடுவரிசைகளையே திரும்பத் திரும்ப ஒட்டும். யாளியின் முகம் இருக்கும், துதிக்கை காணாமல் போகும். ஸ்லேட்டில் பார்த்தால் முழுப் படமும் தெரியும், ஜிஸெட்டூமிலும் சரியாகத்தான் வரும், அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. 64ஆகச் சுருக்குங்கள், அல்லது இரண்டு பக்கமும் வெறும் கல் சேர்த்து 128 ஆக்குங்கள். தூணுக்கு இரண்டாவதுதான் நல்லது, சுருக்கினால் சிற்ப வேலைப்பாடு நசுங்கிவிடும், அவ்வளவு அழகான வேலையை நசுக்கக் கூடாது.

மிக அகலமான படத்திலும் வலது பக்கம் கெடும், ஆனால் காரணம் வேறு. நெடுவரிசை தொடங்கும் இடத்தைப் பழைய எஞ்சின் தன் நினைவில் இரண்டு பைட்டில்தான் வைத்துக்கொள்கிறது, அதாவது 65,535 வரைதான். 512க்கு 128 அளவில் அகழியோர மதிலை ஒரே பேட்ச்சாக ஏற்றினால் கோப்பு அந்த எல்லையைத் தாண்டிவிடும், கடைசி முப்பது சொச்சம் நெடுவரிசைகளில் சம்பந்தமில்லாத பிக்சல்கள் வரும். 512ஐயும் தாண்டிய அகலத்தைப் பல பேட்ச்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்தால் டெக்ஸ்ச்சர் 64 கேயைத் தாண்டியது என்ற பிழைச் செய்தியோடு விளையாட்டே நின்றுவிடும். 256 அகலத் துண்டுகளாகத் தனித்தனி டெக்ஸ்ச்சராக வைத்து வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அடியில் ஒரே ஒரு மங்கிய இளஞ்சிவப்புக் கோடு

சொந்தமாகக் கருவி எழுதுகிறவர்களுக்கு மட்டும். சுவரின் ஆகக் கீழே ஒரு பிக்சல் உயரத்துக்கு இளஞ்சிவப்புக் கோடு, படம் முழுக்க ஒரு பிக்சல் மேலே ஏறியிருக்கும். வெற்று பைட்டுகளை நீங்கள் எழுதவில்லை. எஞ்சின் மூன்றாவது பைட்டைத் தாண்டும்போது உங்கள் முதல் பிக்சலைத் தின்றுவிடுகிறது, கடைசிப் பிக்சலுக்குப் பதில் நெடுவரிசையை முடிக்கும் 255ஐ நிறமாக வரைகிறது. 255ஆம் நிறம்தான் அந்த இளஞ்சிவப்பு. துண்டின் முன்னும் பின்னும் ஒவ்வொரு வெற்று பைட் சேர்த்து, நெடுவரிசை அட்டவணையையும் மறுபடி கணக்கிடுங்கள். நெடுவரிசைக்கு 131 வந்துகொண்டிருந்தது 133 ஆக வேண்டும்.

கோபுரத்தின் அடிப்பகுதி தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரத்தை ஒரே உயரமான படமாக வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். துண்டின் தொடக்க இடத்துக்கு ஒரே ஒரு பைட்தான், 255 முடிவுக்குறி, ஆகவே படத்தில் 254ஆம் பிக்சலுக்குக் கீழே எந்தத் துண்டும் தொடங்க முடியாது. விவரம் தெரியாத கருவி 260 என்று எழுத வேண்டிய இடத்தில் 256ஐக் கழித்து 4 என்று எழுதிவிடும், கோபுர வாசல் கலசத்தின் மேல் வந்து நிற்கும். பிற்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அடுத்த துண்டின் எண் முந்தைய துண்டின் எண்ணைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் இரண்டையும் கூட்டிக்கொள். ஜிஸெட்டூம் இதைப் புரிந்துகொள்ளும், 1993 எஞ்சினுக்குத் தெரியாது.

சாக்லேட் டூமில் ஓட வேண்டுமென்றால் கோபுரத்தை 128 உயர அடுக்குகளாக வெட்டி, மேல் சுவர், கீழ்ச் சுவர் என்று வரைபடத்தில் அடுக்குவதே வழி. எங்கே வெட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், நிலைகளுக்கு நடுவே கபோதம் என்ற வளைந்த விளிம்பு ஓடுகிறதே, அந்த இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது.

பொருள் புதைகிறது, மிதக்கிறது, நடுங்குகிறது

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை உயிர் கூட்டும் பொருளாக வைக்க வேண்டும் என்ற யோசனை யாருடையதோ, ரொம்பப் பிடித்துவிட்டது. நீலக் குப்பிக்குப் பதிலாகப் போடுகிறோம், அதன் பெயர் பிஓஎன்1, ஏ முதல் டி வரை நான்கு படங்கள். இங்கேதான் தலைப்பிலுள்ள கடைசி நான்கு பைட்டுக்கு வேலை. சுவருக்கு இந்த ஆஃப்செட்டை எஞ்சின் கண்டுகொள்வதே இல்லை, பொருளுக்கு இதுதான் எல்லாம்.

படத்தின் மேல் விளிம்பு, பொருளின் கால் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மேல் ஆஃப்செட். 18 உயரக் கத்திரிக்காய்க்கு 18 வைத்தால் தரையில் சரியாக உட்காரும். 0 வைத்தால் முழுக்கத் தரைக்குள். 30 வைத்தால் அந்தரத்தில். இடது ஆஃப்செட் அகலத்தில் பாதி. அது 0 ஆக இருந்தால் கத்திரிக்காய் இருக்கிற இடத்துக்கு வலப்பக்கம் தள்ளித் தெரியும், எடுக்கப் போனால் கைக்கு அகப்படாத மாதிரி இருக்கும்.

நடுங்குகிறது என்றால் நான்கு படங்களும் வேறு வேறு அகலம், ஆனால் ஒரே இடது ஆஃப்செட். ஒன்று 14, ஒன்று 17 அகலம் என்றால் இரண்டுக்கும் 7 வைத்தால் காம்பு இடமும் வலமும் ஆடும். நான்கையும் ஒரே அளவுச் சட்டத்தில் வரைந்துகொண்டு ஒரே ஆஃப்செட் கொடுப்பதுதான் நிம்மதி. கையில் பிடித்த ஆயுதப் படங்களில் ஆஃப்செட் மைனஸ் எண்ணாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை 320க்கு 200 திரையின் மேல் இடது மூலையிலிருந்து கணக்கிடப்படுவதால் அப்படி. அதை 0 ஆக்கினால் துப்பாக்கி திரையின் மூலைக்குப் போய்விடும்.

கத்திரிக்காயைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி வந்தால், ஜேபெக்காகச் சேமித்து ஏற்றியிருக்கிறீர்கள், அதில் ஓட்டை நிற்காது. ஆல்ஃபா (ஊடுருவலைக் குறிக்கும் தகவல்) உள்ள பிஎன்ஜியாகச் சேமியுங்கள். விளிம்பில் அழுக்கு வளையம் வந்தால், அது அரைகுறை ஊடுருவல். டூமில் பிக்சல் உண்டு அல்லது இல்லை, பாதி கிடையாது. விளிம்பைக் கூர்மையாக வெட்டுங்கள். ஊதா நிறத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறப்பட்டியலில் ஊதா 250 முதல் 254 வரை ஐந்தே ஐந்து. பளபளக்கிற இடத்துக்கு இளஞ்சிவப்பு வரிசையிலிருந்து ஒன்றிரண்டு எடுத்து, நிழலுக்குக் கறுப்பு வைத்துக் கையால் புள்ளி புள்ளியாக வரைவதே நன்றாக வருகிறது. தானாக மாற்ற விட்டால் பாதிக் காய் பழுப்பாகிவிடும்.

தரையில் இரைச்சல், அல்லது தரை மாறவே இல்லை

தரைக்கும் கூரைக்கும் இந்த வடிவமே இல்லை. தலைப்பு கிடையாது, துண்டு கிடையாது, 64க்கு 64, கிடைவரிசையாக 4,096 பைட், அவ்வளவுதான். பாலாற்று மணலைச் சுவர் வடிவத்தில் ஏற்றித் தரையில் போட்டால் தலைப்பும் அட்டவணையும் சேர்ந்து மணலாகத் தெரியும். லம்ப்பின் அளவு சரியாக 4,096 இருக்கிறதா பாருங்கள். அளவு சரி, ஆனாலும் பழைய தரையே வருகிறது என்றால் அந்த லம்ப் எஃப்_ஸ்டார்ட், எஃப்_எண்ட் குறிகளுக்கு நடுவில் இல்லை. குறிகளும் சரி என்றால் சாக்லேட் டூமை -ஃபைல் என்று இல்லாமல் -மெர்ஜ் என்று ஓட்டுங்கள். பழைய எஞ்சின் சேர்ப்பு வேட்டிலிருந்து தரையையும் உருவங்களையும் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளாது.

சுவர் வெறுமையாக, அல்லது எல்லாச் சுவரும் இடம் மாறி

படம் நல்லது, அதைக் கூப்பிடும் பட்டியல் கெட்டது. டெக்ஸ்ச்சர்1 என்ற லம்ப், பிநேம்ஸ் என்ற லம்ப்பிலுள்ள பேட்ச் பெயர்களை வரிசை எண்ணால்தான் கூப்பிடுகிறது. பிநேம்ஸின் நடுவில் உங்கள் பெயரைச் செருகினால் அதற்குக் கீழுள்ளதெல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும், கதவில் சுவிட்ச் வரும், சுவிட்சில் செங்கல் வரும். எப்போதும் கடைசியில் சேருங்கள். இந்த இரண்டு லம்ப்பும் மூலத்திலுள்ளதை மொத்தமாக மாற்றிவிடும், கூட்டிக்கொள்ளாது. ஆகவே உங்கள் நான்கு படங்களை மட்டும் எழுதி வைத்தால் மற்ற டெக்ஸ்ச்சர் கிடைக்கவில்லை என்று விளையாட்டு தொடங்கவே தொடங்காது. மூலப் பட்டியலைப் பிரதி எடுத்து, அதன் கீழே சேருங்கள். பட்டியலின் முதல் டெக்ஸ்ச்சர் மட்டும் எங்கே ஒட்டினாலும் தெரியாது, பூஜ்யம் என்றால் டெக்ஸ்ச்சர் இல்லை என்று எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. உங்கள் படம் அந்த இடத்தில் இருந்தால் கீழே நகர்த்துங்கள்.

பெயரில் ஒன்று. எட்டு எழுத்துக்கு மேல் போகாது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் போதும். வெல்லோர்ஃபோர்ட்1, வெல்லோர்ஃபோர்ட்2 என்று ஆங்கிலத்தில் வைத்தால் எட்டோடு வெட்டுப்பட்டு இரண்டும் ஒரே பெயராகிவிடும், இரண்டு சுவரிலும் ஒரே படம் வரும். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், இந்த வடிவம் அதற்கு இடம் தரவில்லை.

முகப்புப் படம் ஏற்றியதும் விளையாட்டு மூடிக்கொள்கிறது

அகழித் தண்ணீரில் மதில் நிழல் விழும் போட்டோவை 640க்கு 400இல் வைத்திருப்பீர்கள். 320க்கு 200 மட்டும்தான், ஆஃப்செட் இரண்டும் 0. திரையைத் தாண்டும் படத்தை வரைய மறுத்து பேட் வி_டிராபேட்ச் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

எல்லாம் சரி, ஆனால் நெட்டையாகத் தெரிகிறது

320க்கு 200 படத்தை 4க்கு 3 திரையில் நீட்டிக் காட்டுவதால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். உருண்டைக் கத்திரிக்காய் நீளக் கத்திரிக்காய் ஆவது இதனால்தான். மூலப் படத்தின் உயரத்தை ஆறில் ஐந்து பங்காகக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள், 120 என்றால் 100. சுவருக்கு இதை முதலில் செய்துவிட்டு, அதற்குப் பிறகு 128 உயரத்துக்கு வெட்டுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் உயரம் 128க்குக் கீழே போய், கலர்ப்பொடி மறுபடி வந்துவிடும்.